மோட்டாரின் பின்பக்கத்தை இறக்கலாம், இடுப்பு போகாமல்

மலேசியாவில் பீடோர், தாப்பா பக்கத்து மோட்டார்சைக்கிள் பெங்கேல்களில் (பட்டறைகளில்) "அண்ணே, பின்னாடி கொஞ்சம் எறக்கிக் குடுங்க" என்று கேட்பவர்கள் இரண்டு வகை. பின்பக்கம் படுத்தமாதிரி நின்றால் அழகு என்று நினைக்கும் பையன்கள் ஒரு வகை. கால் தரையில் எட்டாதவர்கள் இன்னொரு வகை: விடியற்காலை ஷிப்டுக்குப் போகும் அக்காமார்கள், மகன் வாங்கி வீட்டில் விட்டுப்போன 150 சிசி மோட்டாரை ஓட்டும் அப்பாக்கள், இப்போதுதான் லைசென்ஸ் எடுத்த பிள்ளைகள். இந்தப் பதிவு இரண்டாம் வகைக்கு. முதல் வகையினரும் படிக்கலாம். பள்ளத்தில் விழுந்தால் எல்லாருக்கும் வலிக்கும் இடம் ஒன்றுதான்.

கடையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டு. பின்சக்கரத்தின் அதிர்வை வாங்கும் அப்சோர்பரைக் கட்டையானதாக மாற்றலாம், இல்லையென்றால் ஸ்பிரிங்கை வெட்டலாம். இரண்டிலும் மோட்டார் இறங்கும். மறுநாள் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில், லோரிச் சக்கரம் கிழித்த பள்ளத்தில் இறங்கும்போது முதுகுத்தண்டில் 'டங்' என்று ஒரு அடி விழும். பின்சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரம்தான் சொகுசு. அந்தத் தூரத்தைப் பிடுங்கித்தான் இவர்கள் உயரத்தைக் குறைக்கிறார்கள். அதைக் கடைசியாகத் தொட வேண்டும். தொட்டாலும் அளந்து தொட வேண்டும்.

எவ்வளவு இறக்க வேண்டும்?

"கொஞ்சம்" என்பது அளவு அல்ல. தினமும் போடும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மோட்டாரில் உட்காருங்கள். ஒரு ஆள் முன்னால் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ளட்டும். இரண்டு காலுக்கு அடியிலும் 5 மில்லி பிளைவுட் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வாருங்கள். இரண்டு காலின் முன்பாதமும் அழுத்தமாக ஊன்றும்போது நிறுத்துங்கள். குதிகால் முழுக்கப் படிய வேண்டியதில்லை; முன்பாதம் இரண்டும் ஊன்றினாலே மோட்டாரைப் பிடித்து நிறுத்திவிடலாம். அடுக்கிய பலகையின் உயரம்தான் உங்கள் தேவை. பலருக்கு அது 15, 20 மில்லிக்குள் முடிந்துவிடும். 50 மில்லி இறக்கச் சொல்லி வருகிறவர்கூட அளந்து பார்த்தால் 20-இல் நிற்பார்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. பின்சக்கரத்தின் அச்சில் 25 மில்லி இறக்கினால் சீட்டில் 25 மில்லி இறங்காது. முன்சக்கரம் அதே இடத்தில் இருக்க, பின்பக்கம் மட்டும் சாய்கிறது. வீல்பேஸ், அதாவது இரண்டு சக்கர அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம், 1,290 மில்லி உள்ள மோட்டாரில், முன் அச்சிலிருந்து நீங்கள் உட்காரும் இடம் ஏறக்குறைய 900 மில்லி பின்னால் என்று வைத்துக்கொண்டால், 900-ஐ 1,290-ஆல் வகுக்கக் கிடைப்பது 0.7. ஆக, பின்னால் 25 இறக்கினால் உங்களுக்குக் கிடைப்பது 17 மில்லிதான். திருப்பிப் பார்த்தால், சீட்டில் 17 மில்லி ஸ்பாஞ்சைக் குறைப்பதும் அப்சோர்பரில் கைவைத்துப் பின்னால் 25 மில்லி இறக்குவதும் காலுக்கு ஒன்றுதான். ஸ்பாஞ்சைக் குறைத்தால் சக்கரத்தின் பயணம் ஒரு மில்லிகூடப் போகாது.

அதனால் முதலில் குஷன் கடை

இந்த வேலையில் காசுக்கு மிக அதிகமாகத் திருப்பித் தருவது சீட்தான். ஆனால் அழகில்லை என்று பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

குறைக்க வேண்டியது உயரத்தை மட்டுமல்ல, அகலத்தையும். தொடை இரண்டும் சீட்டின் முன்பகுதியில் விரிந்து நிற்பதால்தான் கால் தரைக்கு எட்டாமல் போகிறது. டேங்க் பக்கம், தொடை உரசும் இடத்தில் இரு புறமும் 15 மில்லி செதுக்கி விளிம்பை உருட்டிவிட்டால், உயரத்தில் கைவைக்காமலே கால் நேராக இறங்கும். கப்சாய்களில் (ஈஎக்ஸ்5, வேவ் மாதிரி சின்ன மோட்டார்களில்) சீட்டின் மூக்கு ஏற்கெனவே ஒல்லி என்பதால் இந்த லாபம் கொஞ்சம் குறைவு. ஸ்போர்ட் மோட்டார், அட்வென்சர் மோட்டார்களில் நன்றாகத் தெரியும்.

உயரத்தைக் குறைக்கும்போது சீட்டின் உறையைக் கழற்றி, உட்காரும் இடத்தை மார்க்கரால் குறித்து, கரடுமுரடான சாண்ட்பேப்பர் வட்டு போட்ட கிரைண்டரால் மெல்ல மெல்லத் தேய்க்க வேண்டும். கத்தியால் அறுத்தால் மேடுபள்ளம் நிற்கும், அரை மணி நேரம் ஓட்டினால் அந்த மேடு தெரியும். இடுப்பெலும்பு படும் இடத்தில் கீழே உள்ள பிளாஸ்டிக் தட்டுக்கு மேல் குறைந்தது 35 முதல் 40 மில்லி ஸ்பாஞ்ச் மிஞ்ச வேண்டும். அதற்கும் கீழே போனால் ஸ்பாஞ்ச் முழுக்க அமுங்கி, பிளாஸ்டிக்கிலேயே உட்கார்ந்ததுபோல் ஆகிவிடும். சோபாவுக்குப் போடும் மெத்தென்ற ஸ்பாஞ்சைக் குஷன் கடையில் கேட்காதீர்கள். அது கடையில் அழுத்திப் பார்க்கும்போது சுகமாக இருக்கும், தெலுக் இந்தான் போய்ச் சேர்வதற்குள் படுத்துவிடும். செதுக்கிய இடத்தின்மேல் 10 மில்லி அடர்த்தியான ஸ்பாஞ்ச் ஒட்டச் சொல்லுங்கள். அந்த 10 மில்லியும் கணக்கில் சேர வேண்டும், ஆகவே 20 மில்லி இறங்க வேண்டுமென்றால் 30 செதுக்க வேண்டும். உறைக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று கட்டாயம். இங்கே பெய்யும் மழைக்குத் தையல் வழியே தண்ணீர் இறங்கி, ஸ்பாஞ்ச் தண்ணீர் குடித்தால் ஒரு வாரத்துக்குக் காயாது. பின்புறம் அடிக்கும் ஸ்டேப்பிள் முள் துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும்.

சீட்டில் 15, 20 மில்லி கிடைத்துவிட்டால் பலருக்கு வேலை அங்கேயே முடிந்தது.

சாக், அதாவது அமுங்கும் அளவு: பைசா செலவில்லாத இறக்கம்

அடுத்தது ஸ்பிரிங்கின் முன்னழுத்தம், கடையில் சொல்வதுபோல் பிரிலோட். கட்டையான ஆட்களில் பலர் எடையும் குறைந்தவர்கள். கம்பெனி போட்டு அனுப்பும் ஸ்பிரிங்கோ பின்னால் ஒரு ஆள், சில சமயம் 14 கிலோ கேஸ் தோங் (சிலிண்டர்) என்று எல்லாவற்றையும் நினைத்துப் போட்டது. 48 கிலோ ஆள் தனியாக ஓட்டும்போது அது அமுங்காமல் விறைத்துக்கொண்டு நிற்கும். அந்த ஆளுக்குப் பிரிலோடைக் குறைத்தால் மோட்டாரும் இறங்கும், ஓட்டமும் மெத்தென்று ஆகும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் ஒரே இடம் இதுதான்.

அளப்பதற்கு மூன்று எண்கள் வேண்டும். பின்சக்கரத்தின் அச்சிலிருந்து நேர்மேலே பாடியில் ஒரு இடத்தில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். நடு ஸ்டாண்டில் போட்டு, சக்கரம் தொங்கும்போது தூரத்தை அளப்பது முதல் எண். ஸ்டாண்டிலிருந்து இறக்கி, மோட்டார் தன் எடையில் மட்டும் நிற்கும்போது இரண்டாவது. நீங்கள் உட்கார்ந்து, கால் இரண்டையும் பெடலில் வைத்து, ஒரு ஆள் முன்னால் பிடித்திருக்கும்போது மூன்றாவது. ஒவ்வொரு முறையும் பின்பக்கத்தை ஒருமுறை அமுக்கி மெல்ல விட்டு ஒரு அளவு, ஒருமுறை தூக்கி மெல்ல விட்டு ஒரு அளவு எடுத்து, சராசரி போடுங்கள். புஷ்ஷிலும் சீலிலும் உள்ள உராய்வால் இரண்டுக்கும் சில மில்லி வித்தியாசம் வரும்.

முதல் எண்ணிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் ஆள் ஏறியபோது அமுங்கும் அளவு கிடைக்கும். சாலையில் ஓட்டுவதற்கு இது சக்கரத்தின் மொத்தப் பயணத்தில் 30 முதல் 35 சதவீதம் இருப்பது நல்லது. பயணம் 100 மில்லி என்றால் 30 முதல் 35 மில்லி. உங்களுக்கு 20-தான் வருகிறது என்றால் 10 மில்லி சும்மா கிடக்கிறது என்று அர்த்தம். அப்சோர்பரின் படிவளையத்தைச் சி-ஸ்பானாவால் ஒரு படி, இரண்டு படி குறைத்து மறுபடி அளந்து பாருங்கள். இரட்டை அப்சோர்பர் என்றால் இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும்.

முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மோட்டார் மட்டும் அமுங்கும் அளவு. இது ஸ்பிரிங் சரியானதா என்று காட்டிக்கொடுக்கும். ஆள் ஏறிய அளவு சரியாக இருந்தும் ஆள் இல்லாதபோது கிட்டத்தட்ட ஒன்றுமே அமுங்கவில்லை என்றால், ஸ்பிரிங் உங்களுக்கு மெலிசு, அதாவது லேசில் அமுங்கிவிடுவது. பிரிலோடைப் போட்டு இறுக்கி ஒப்பேற்றியிருக்கிறீர்கள். ஆள் இல்லாமலே நிறைய அமுங்குகிறது என்றால் ஸ்பிரிங் உங்களுக்குத் தடிப்பு, அதாவது லேசில் அமுங்காதது.

ஆனால் 35 சதவீதத்தைத் தாண்டியும் பிரிலோடைக் குறைத்துக்கொண்டே போகாதீர்கள். மோட்டார் இறங்கும்தான். மேல்நோக்கி மிஞ்சியிருக்கும் பயணம் அதே அளவுக்குக் கரைந்துவிடும், முதல் போங்கோலிலேயே (வேகத்தடை மேட்டிலேயே) அடி தட்டும்.

பயணத்தைக் குறைத்தால் என்ன ஆகிறது

சீட்டிலும் பிரிலோடிலும் எடுத்ததுபோக இன்னும் வேண்டும் என்றால் அப்சோர்பருக்கு வரலாம். அதற்குமுன் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுங்கள். 100 மில்லி பயணத்தில் 25-ஐக் குறைத்தால் மீதி 75. முக்கால் பங்கு இருக்கிறதே, பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் அடி, அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.75-ஐ 0.75-ஆல் பெருக்கினால் 0.56. அதே ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டால் அடி தாங்கும் திறன் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பழையபடி தாங்க வேண்டுமென்றால் ஸ்பிரிங் 1.78 மடங்கு தடிப்பாக வேண்டும். அப்படி ஒரு ஸ்பிரிங் போட்ட மோட்டாரில் சின்னச் சின்னக் கல்லெல்லாம் எண்ணிக்கொண்டு போகலாம்.

15 மில்லி மட்டும் குறைத்தால் கணக்கு வேறு. மீதி 85; தாங்கும் திறன் 0.72. ஈடுகட்ட 1.38 மடங்கு ஸ்பிரிங். இதிலும் எடை குறைந்த ஆளுக்கு ஒரு தப்பிக்கும் வழி உண்டு. கம்பெனி ஸ்பிரிங் அவருக்கு ஏற்கெனவே தடிப்பு என்று மேலே பார்த்தோம் அல்லவா, அந்தத் தடிப்பு இங்கே ஈடாகிவிடும். 50 கிலோவுக்குள் இருப்பவர், தனியாக ஓட்டுபவர், 15 மில்லி குறைத்துவிட்டு ஸ்பிரிங்கை மாற்றாமலே ஓட்டலாம். 75 கிலோ ஆள், பின்னால் மனைவியும் உட்காருவார் என்றால் 10 முதல் 20 சதவீதம் தடிப்பான ஸ்பிரிங் தேவைப்படும், அதோடு கொஞ்சம் சொகுசும் போகும். 100 மில்லி பயணம் உள்ள மோட்டாரில் பின் அச்சில் 20 மில்லிக்குமேல் எடுப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். எடுக்கலாம், எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய மட்கார்டின் உட்புறத்தைக் குனிந்து பாருங்கள், தாயர் தேய்த்த தடம் இருக்கும்.

ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள்

வெட்டினால் ஸ்பிரிங் மெலிசாகும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நேர்மாறு. வேலை செய்யும் சுற்றுகள் 10 இருந்து 2-ஐ வெட்டினால் மீதி 8. ஸ்பிரிங் 25 சதவீதம் தடிப்பாகிவிடும். வெட்டிய முனை தட்டையாக உட்காராது, ஒரு பக்கமாக அழுத்தி அப்சோர்பர் தண்டைச் சாய்க்கும், சீல் சீக்கிரம் ஒழுகும். மோட்டாரைத் தூக்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து கடகடவென்று ஆடும். கிரைண்டரோ கேஸ் வெட்டியோ சூடேற்றிய இடத்தில் இரும்பின் பதம் போய்விடும், அங்கேதான் பிறகு உடையும்.

கட்டையான அப்சோர்பர் வாங்கும்போது

பெட்டியின்மேல் போட்டிருப்பது கண்ணுக்குக் கண் நீளம், அதாவது மேல் போல்ட் ஓட்டையின் நடுவிலிருந்து கீழ் ஓட்டையின் நடு வரை. அது மட்டும் போதாது. தண்டு எவ்வளவு உள்ளே போகும், முழுக்க அமுங்கினால் மிச்ச நீளம் என்ன என்றும் கேட்க வேண்டும். உதாரணத்துக்கு, பழையது 330, தண்டு போகும் தூரம் 70 என்றால் அமுங்கிய நீளம் 260. புதியது 310, ஆனால் தண்டு தூரம் அதே 70 என்றால் அமுங்கிய நீளம் 240 ஆகிவிடும். தாயர் முன்பைவிட 20 மில்லி மேலே ஏறி மட்கார்டில் அறையும். 310-உம் 50-உம் உள்ளதுதான் சரியானது. கடைக்காரருக்கு இந்த எண் தெரியவில்லை என்றால் கண்ணால் பார்க்கலாம்: தண்டு வெளியே எவ்வளவு நீட்டியிருக்கிறது, அதில் ரப்பர் பம்ப் ஸ்டாப் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது. பம்ப் ஸ்டாப் இல்லாத அப்சோர்பரை வாங்கவே வேண்டாம். சில இடங்களில் "இன்னும் கொஞ்சம் எறங்கும்" என்று சொல்லி அதை வெட்டி எறிகிறார்கள். கடைசி 15 மில்லியில் அடியை மெல்லப் பிடித்து நிறுத்துவதே அந்தத் துண்டு ரப்பர்தான்.

எத்தனை மில்லி கட்டையாக வேண்டும் என்பது அப்சோர்பர் எங்கே மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஈஎக்ஸ்5, வேவ், கிரிஸ் மாதிரி இரட்டை அப்சோர்பர் மோட்டாரில் அது அச்சுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அப்சோர்பரில் 20 குறைத்தால் அச்சிலும் ஏறக்குறைய அதே அளவு, கொஞ்சம் கூட. ஒய்15 மாதிரி மோனோ, அதாவது ஒற்றை அப்சோர்பர், போட்டதில் அது பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் மூட்டுக்குக் கிட்டே இருக்கிறது. அப்சோர்பரில் 8 மில்லி குறைத்தாலே அச்சில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் இறங்கலாம். ஊகிக்க வேண்டாம். அப்சோர்பரைக் கழற்றிவிட்டு, மரக்கட்டையால் சக்கரத்தைச் சரியாக 20 மில்லி உயர்த்தி, இரண்டு போல்ட் ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தால் விகிதம் கையில் வந்துவிடும்.

பிரித்துச் சர்வீஸ் செய்யக்கூடிய அப்சோர்பர் என்றால் இன்னும் நல்ல வழி உண்டு. வைஎஸ்எஸ், ஓலின்ஸ் போன்றவற்றில் பல மாடல்கள் அப்படிப்பட்டவை. உள்ளே தண்டில், பிஸ்டனுக்கும் சீல் மூடிக்கும் நடுவே 8 அல்லது 10 மில்லி அலுமினிய வளையம் ஒன்றைப் போடுவார்கள். தண்டு முழுக்க வெளியே வராது, அப்சோர்பர் அந்த அளவு கட்டையாகிவிடும். முழுக்க அமுங்கிய நீளம் மாறாது, அதனால் தாயர் எங்கேயும் இடிக்காது. இதைச் செய்யும்போது ஸ்பிரிங் வளையத்தையும் அதே அளவு தளர்த்த வேண்டும். மறந்தால் பிரிலோட் அந்த அளவு கூடி, மோட்டார் பலகையாட்டம் விறைக்கும். உள்ளே நைட்ரஜன் கேஸ் அழுத்தத்தில் இருப்பதால் இது வீட்டில் செய்யும் வேலையே இல்லை; ஓட்டை போடுவது, சூடு காட்டுவது எல்லாம் ஆபத்து. கேஸ் ஏற்றும் வசதி உள்ள அப்சோர்பர் கடையில் கொடுங்கள். கப்சாய்களோடு வரும் கம்பெனி அப்சோர்பர் பெரும்பாலும் மூடி நசுக்கி அடைத்தது, அதில் இந்த வேலை நடக்காது.

லிங்க், அதாவது அப்சோர்பருக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவே நெம்பும் இணைப்பு, உள்ள மோட்டார்கள் தனி. நிஞ்சா 250, வெர்சிஸ்-எக்ஸ் 250 ஆகியவற்றின் யூனி-ட்ராக், சிபிஆர்250ஆரின் புரோ-லிங்க் எல்லாம் இந்த வகை. இவற்றில் நாய் எலும்பு என்று சொல்லும் இணைப்புத் தகட்டை நீளமானதாக மாற்றி இறக்குகிறார்கள். அப்சோர்பர் அதேதான், சக்கரப் பயணமும் ஏறக்குறைய அதேதான், ஆனால் மொத்தமும் மேலே நகர்ந்துவிடுகிறது. சக்கரம் முன்பு போகாத உயரத்துக்குப் போகும். அதோடு நெம்பும் விகிதமும் மாறுவதால் ஸ்பிரிங் சற்று மெலிசானதுபோல் தெரியும். சொகுசு கூடியதாக நினைத்துச் சந்தோஷப்பட்டுவிட்டு, ஆள் ஏற்றும்போது அடி தட்டுவது இதனால்தான். அந்த மாடலுக்கென்றே செய்த தகட்டை வாங்குங்கள். கிரில் கேட் செய்யும் கடையில் இரும்புப் பட்டையில் ஓட்டை போட்டு மாட்டுவதும் நடக்கிறது. முழு மோட்டாரின் பின் எடையும் அந்த இரண்டு தகட்டில்தான் தொங்குகிறது.

சின்ன தாயர் போட்டு இறக்கும் பழக்கத்தைப் பற்றி ஒரு வரி: 80/90-17-லிருந்து 70/90-17-க்குப் போனால் 9 மில்லி இறங்கும், ஆனால் சுமை எண் 50-லிருந்து 38-க்குப் போகலாம், அதாவது 190 கிலோ தாங்கும் இடத்தில் 132 கிலோ. இரண்டு பேர் ஏறும் மோட்டாரில் பின்னால் அதைப் போட வேண்டாம்.

மாட்டும்போது

இரட்டை அப்சோர்பரில் இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். நடு ஸ்டாண்டில் போட்டு, ஒரு பக்கம் கழற்றுங்கள். புதியது கட்டை என்பதால் ஓட்டை நேராக வராது. இன்னொரு பக்கத்தையும் தளர்த்தி, தாயருக்கு அடியில் கட்டை வைத்துச் சக்கரத்தைத் தூக்கிக் கொடுத்தால் உள்ளே போகும். வாஷர் எந்தப் பக்கம் எத்தனை இருந்தது என்று கழற்றும்போதே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாறி மாட்டினால் அப்சோர்பர் கோணலாக நிற்கும். புஷ்ஷின் உள்குழாயில் கொஞ்சம் கிரீஸ். நட்டை முதலில் கையால் மட்டும் இறுக்கி, மோட்டாரைத் தரையில் இறக்கி, எடை ஏறியபிறகு கடைசியாக டார்க் ரெஞ்சால் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே வாழும், சீக்கிரம் கிழியும்.

மோனோவில், மாட்டுவதற்குமுன் ஒரு சோதனை. பட்டை இரும்பிலோ தடித்த பிளைவுட்டிலோ, புதிய அப்சோர்பரின் முழுக்க அமுங்கிய நீளத்துக்கு இரண்டு ஓட்டை போட்டு, அதை அப்சோர்பருக்குப் பதிலாக மாட்டுங்கள். இப்போது சக்கரம் அதன் உச்சியில் நிற்கிறது. டார்ச் அடித்துப் பாருங்கள்: தாயருக்கும் உள் மட்கார்டுக்கும் நடுவே 10 மில்லியாவது இருக்க வேண்டும். நம்பர் பிளேட் போல்ட், பின் லைட் ஒயர், பிரேக் ஹோஸ், எக்ஸாஸ்ட் எல்லாவற்றையும் பாருங்கள். மட்கார்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டின் முனைதான் வழக்கமான குற்றவாளி. அதைத் திருப்பி மாட்டினால் போதும்.

செயினையும் மறுபடி வைக்க வேண்டும். முன் ஸ்புரோக்கெட், ஸ்விங் ஆர்ம் மூட்டு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கம். இறக்கிய மோட்டார் அந்த நிலைக்கு இன்னும் கிட்டே போய் நிற்கிறது, ஆகவே ஸ்டாண்டில் போட்டு அளக்கும் பழைய தளர்வு எண் பொருந்தாது. ஆளை உட்காரவைத்தோ அந்தப் பட்டையை வைத்தோ மூன்றும் நேராகும் நிலைக்குக் கொண்டுவந்து, அங்கேயும் விரலுக்கு 10 மில்லி தளர்வாவது இருக்கும்படி வையுங்கள். டிரம் பிரேக் என்றால் கம்பியின் இழுப்பு மாறியிருக்கும். பெடல் விளையாட்டையும் பிரேக் லைட்டையும் சரிபாருங்கள்.

முன்பக்கம், விளக்கு, தோங்காட் (ஸ்டாண்ட்)

பின்னால் 25 மில்லி இறங்கினால் மோட்டார் 1.1 டிகிரி பின்னோக்கிச் சாய்கிறது. ஹேண்டில் கோணம் அந்த அளவு படுத்துவிடும். டிரெயில், அதாவது ஹேண்டில் அச்சின் கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் முன் தாயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம், 6, 7 மில்லி கூடும். ஹேண்டில் மெதுவாகத் திரும்பும், ஆள் ஏற்றி வேகமாகப் போகும்போது முன்பக்கம் லேசாகத் தோன்றும். 15 மில்லிக்குள் என்றால் பெரிதாகத் தெரியாது. அதற்குமேல் போனால் முன்னாலும் இறக்க வேண்டும். மேலும் கீழும் இரண்டு கிளாம்ப் உள்ள மோட்டாரில், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க் (fork) குழாயை 10 மில்லி மேலே ஏற்றிக்கொள்ளலாம். முன் பிரேக் பிடித்து அமுக்கி, மட்கார்ட் எங்கும் இடிக்கவில்லை என்று பாருங்கள். கப்சாய்களில் சிலவற்றின் போர்க் குழாயில் போல்ட் உட்காரப் பள்ளம் வெட்டியிருக்கும், அதை நகர்த்த முடியாது. அதனால்தான் கப்சாயில் பின்னால் அதிகம் இறக்காதீர்கள் என்கிறேன்.

அந்த 1.1 டிகிரி விளக்கில் நன்றாகத் தெரியும். 10 மீட்டருக்கு அப்பால் வெளிச்சம் 19 சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும். தோட்டத்து இருட்டுச் சாலையில் எதிரே வருபவர் கண்ணை அடிக்கும், உங்களுக்கோ பள்ளம் தெரியாது. இறக்குவதற்கு முன்பே இரவில் சுவரில் வெளிச்சத்தின் மேல்விளிம்பைச் சாக்கட்டியால் குறித்துவையுங்கள். இறக்கியபிறகு அதே இடத்தில் நிறுத்தி, ஆள் உட்கார்ந்திருக்க, விளக்கின் திருகாணியால் அந்தக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

பக்கத் தோங்காட் இப்போது நீளம். மோட்டார் நிமிர்ந்து நிற்கும், சின்னக் காற்றுக்கும் வலப்பக்கம் சாயும். கீழ்க்காலின் நடுவில் 10, 15 மில்லி அறுத்து எடுத்து வெல்டு வைப்பார்கள். ஒரேயடியாக அறுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்து அறுக்கச் சொல்லுங்கள். நுனித் தகடு அதே கோணத்தில் இருக்கட்டும். மழைக்குப்பிறகு செம்மண்ணில் புதையாமலிருக்க நுனியில் அகலமான தகடு ஒன்றை அப்போதே பற்றவைத்துக்கொள்ளலாம். நடு ஸ்டாண்டில் ஏற்றுவது முன்பைவிடக் கனமாக இருக்கும். அதை வெட்டாமல் விடுவதே நல்லது, ஏற்றும்போது பின் தாயருக்கு அடியில் ஒரு பலகை வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ரேமை வெட்டுவது, ஸ்விங் ஆர்மை நீட்டுவது, அப்சோர்பர் மாட்டும் காதை வேறு இடத்தில் பற்றவைப்பது எல்லாம் வேறு கதை. சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் அனுமதி இல்லாமல் அவற்றில் இறங்க வேண்டாம். ரோட்பிளாக்கில் சம்மன் மட்டுமல்ல, விபத்தென்றால் இன்சூரன்ஸும் கேள்வி கேட்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது

தண்டு வெளியே தெரியும் அப்சோர்பர் என்றால் அதில் மெல்லிய கேபிள் டை ஒன்றைச் சுற்றி, தளர்வில்லாமல் ஆனால் நகரும்படி கட்டி, சீல் வரை தள்ளிவிடுங்கள். தினமும் போகும் வழியிலேயே போய்வாருங்கள்: தாமான் (குடியிருப்புப் பகுதி) போங்கோல், செம்மண் பாதை, தார் அலையலையாக எழும்பிய இடம். திரும்பி வந்து பார்த்தால் எதுவரை அமுங்கியது என்று டை காட்டும். பம்ப் ஸ்டாப்பை லேசாகத் தொட்டு நின்றிருந்தால் சரி. அதை நசுக்கிக்கொண்டு கடைசிவரை போயிருந்தால் ஸ்பிரிங் போதவில்லை, அல்லது பிரிலோட் குறைவு. பாதி தூரத்திலேயே நின்றுவிட்டது, ஆனால் இடுப்பு வலிக்கிறது என்றால் தடிப்பு அதிகம். ஒரு படி குறையுங்கள். அதற்குமுன் தாயர் காற்றைப் பார்த்துவிடுங்கள். ஸ்டிக்கரில் 33 பிஎஸ்ஐ என்று போட்டிருக்க, பெட்ரோல் பம்ப்பில் 40 அடித்துக்கொண்டு அப்சோர்பரைத் திட்டுகிறவர்கள் நிறைய. சொகுசுக்காகக் காற்றைக் குறைப்பதும் தப்பு, பள்ளத்தில் ரிம் நெளியும்.

அலையலையான சாலையில் பின்பக்கம் இரண்டு மூன்று முறை துள்ளி அடங்கினால் ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப எழும்பும் வேகத்தைப் பிடிக்கும் தடை, போதவில்லை. தடிப்பான ஸ்பிரிங் போட்டு அப்சோர்பரை மட்டும் மாற்றாமல் விட்டால் இது வரும். சீட்டைக் கையால் அமுக்கி விட்டால் ஒரே எழும்பலில் வந்து நிற்க வேண்டும். மாறாக, வரிசையாக வரும் மேடுகளில் முதலாவது மெத்தென்றும் நாலாவது கல்லாகவும் இருந்தால் ரீபவுண்ட் அதிகம். எழும்ப நேரமில்லாமல் ஒவ்வொரு அடிக்கும் இன்னும் கீழே அமுங்கிக்கொண்டே போகிறது. திருகு இருந்தால் இரண்டு கிளிக் தளர்த்துங்கள். திருகில்லாத அப்சோர்பரில் இதற்கு மருந்தில்லை, வேறு அப்சோர்பர்தான்.

முதல் 500 கிலோமீட்டருக்குப்பிறகு நட்டுகளை மறுபடி டார்க் பார்த்து, சாக் அளவையும் மறுபடி எடுங்கள். புதிய ஸ்பிரிங் இரண்டு மூன்று மில்லி படிந்திருக்கும், அதற்கேற்ப ஒரு படி கூட்ட வேண்டியிருக்கலாம். தோட்டத்து வழியே ஓட்டுபவர்கள் ஸ்பிரிங்கில் ஒட்டும் மண்ணை வாரம் ஒருமுறை கழுவிவிடுங்கள். ஹை பிரஷர் குழாயைச் சீலுக்கு நேராகக் காட்டாமல். கழற்றிய பழைய அப்சோர்பரைத் தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) விட்டுவிட்டு வராதீர்கள். எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வீட்டில் வையுங்கள், மோட்டாரை விற்கும்போது வாங்குபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.